பெஞ்சில் இருக்கிறாள்

எங்கள் பனியன் கம்பெனி கேட்டுக்கு உள்பக்கம், வாட்ச்மேன் ரூமை ஒட்டி ஒரு இரும்பு பெஞ்சு கிடக்கிறது. வேலை கேட்டு வருகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டும். உள்ளேயிருந்து யாராவது வந்து டெய்லர் யார், செக்கிங்குக்கு யார் என்று கேட்டு, ஆளைப் பார்த்துக் கூட்டிப் போவார்கள். கூப்பிடாதவர்கள் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். மத்தியானத்துக்கு மேல் வெயில் அந்தப் பக்கம் திரும்பிவிடும். இரும்பு சுடும். ஆர்டர் இல்லாத நாட்களில் உள்ளே இருக்கிற ஆட்களையும் அங்கே கொண்டுவந்து உட்கார வைப்பது உண்டு. அதனால் எங்கள் அயர்ன் செக்‌ஷனில், ஒருத்தனுக்கு வேலை போய்விட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ‘அவன் பெஞ்சுக்குப் போயிட்டான்’ என்போம்.

ஆகவே என் மகள் தரணி சென்னையிலிருந்து போனில், "பெஞ்சுலதானுங்கப்பா இருக்கேன்" என்று சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாங்கள் கமுதிப் பக்கம். பிழைக்க வந்த இந்த ஊரில், மண்ணரையில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். இருக்கிறோம் என்று பழக்கத்தில் வருகிறது. இப்போது நான் மட்டும்தான். தரணியின் அம்மா அவள் பத்தாவது படிக்கையில் இறந்துபோனாள். தரணி இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் பேச்சு மட்டும் அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான். அவள் படித்து முடித்து ஓரமாய்ப் போட்ட புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு நான் ஆரம்பித்தேன். அவள் காலேஜில் கம்ப்யூட்டர் எடுத்தபோது அந்தப் புத்தகங்களையும் திறந்து பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பின்னால் போக முடியவில்லை.

படித்து முடித்து ரொம்ப நாள் வீட்டில் கிடந்தாள். எங்கெங்கோ எழுதிப் போட்டாள். கடைசியில் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி எடுத்துக்கொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று, ரெண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். மறுநாள் காலையும் அதையே தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன் தாயி. நீ?"

"சாப்ட்டேனுங்க."

அதோடு பேச்சு தீர்ந்துவிடும். அந்தப் பக்கம் ஹாஸ்டல் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் என் ஃபேன் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். பக்கத்திலேயே இருந்தபோது பேச எதுவும் தேவைப்படவில்லை. தூரம் போனதும் பேச்சுக்கு ஏதாவது சாமான் வேண்டியிருக்கிறது.

அப்போதுதான் செல்போனில் ஒரு தம்பியைப் பிடித்தேன். கண்ணாடி போட்ட பையன். முதன்முதலாக சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு என்று தமிழில் அறிவுரை சொல்லி வீடியோ போடுகிறான். புரிந்தது பாதி, புரியாதது பாதி. இருந்தாலும் வேலை விட்டு வந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, தினமும் ஒன்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வேன்.

"தாயி, அடுத்தவுக எழுதுன கம்ப்யூட்டர் கோடைத் தினமும் கொஞ்சம் படிக்கணுமாமே. படிக்கிறியா?"

"யாருங்கப்பா சொன்னா?"

"ஒரு தம்பி. கண்ணாடி போட்டிருப்பாப்ல."

சிரித்தாள். அந்த வாரம் முழுக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம், "தப்பு வந்தா, அந்தத் தப்பு என்ன சொல்லுதுன்னு முழுசாப் படிச்சுப் பாக்கணுமாம். பயந்து மூடிறக் கூடாதாம்" என்றேன். அதற்கும் சிரித்தாள். அதற்கு அடுத்தடுத்த வாரங்களில், "தெரியுமுங்கப்பா" என்றாள். பிறகு, நான் வாயைத் திறக்கும் முன்பே, "எல்லாந் தெரியுமுங்கப்பா. சாப்ட்டீங்களா?" என்றாள்.

என் பக்கத்து டேபிளில் அயர்ன் போடுகிற பாண்டித்துரை எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். வாய் சும்மா இருக்காது.

"உம்ம மகளுக்கு என்னய்யா வேலை?" என்று ஒருநாள் கேட்டான்.

"கோடு எழுதுது."

"கோடா? ரோட்டுலயா? வெள்ளைக் கோடா, மஞ்சக் கோடா?"

அன்றிலிருந்து டீக்குப் போகும்போதெல்லாம் ரோட்டைக் காட்டி, "முனீசு, பாத்து மிதியும். உம்ம மக போட்ட கோடு, அழிஞ்சிறப் போகுது" என்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்டதற்குத்தான் தரணி பெஞ்சு என்று சொன்னாள்.

"பெஞ்சுலயா? என்னைக்கிலேர்ந்து?"

"டிரெய்னிங் முடிஞ்சதுலேர்ந்துங்கப்பா. சும்மாதான் உக்காந்திருக்கேன். யாரும் கூப்பிடல."

"யாருமேவா?"

"எங்கூட உக்காந்திருந்தவங்களை ஒவ்வொருத்தரா கூப்ட்டுக்கிட்டாங்க. நான் இருக்கேன். ரொம்ப நாள் இப்படியே இருந்தா அனுப்பிச்சிருவாங்களாம்."

"சம்பளம்?"

"அது வருதுங்கப்பா."

மறுநாள் பாண்டித்துரையிடம் சொன்னேன். அவனும் கேலி பண்ணவில்லை. "பெஞ்சுல உக்கார வச்சு எவன்யா சம்பளம் குடுப்பான்? நீரு வருத்தப்படுவீருன்னு பிள்ள பொய் சொல்லுது" என்றான். அதுதான் என் மனதிலும் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. பிள்ளை வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நெஞ்சு கனக்கும்போதே, சரி, திரும்பி வந்துவிடட்டும் என்றும் உள்ளே ஒரு குரல் சொன்னது. ரெண்டு பேருக்கு அரிசி போடலாம். அந்தக் குரலோடுதான் ஆபீசில் ஆட்களைக் கவனிக்கிற விஜயகுமாரி மேடத்திடம் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"பாப்பா கம்ப்யூட்டர் படிச்சிருக்குதுங்களா? கூட்டிட்டு வாங்க, ஆபீசுல உக்காரட்டும். பேக்கிங் லிஸ்ட் அடிக்க ஆளில்லாமத்தான் கெடக்கறோம்" என்றார்.

"கூப்பிடத்தான் மேடம் போறேன். ரெண்டு நாள் லீவு வேணும்."

மேடத்தின் முகம் மாறியது. "ஏனுங்க முனீஸ், ஷிப்மென்ட் தலைக்கு மேல நிக்குது, இப்பப் போயி லீவு கேக்கறீங்களே. உங்க டேபிளுக்கு வேற ஆளைப் போட்டுட்டாப் பொறவு என்னையச் சொல்லப்படாதுங்க."

"சொல்ல மாட்டேன் மேடம்."

போவதற்கு முன் கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்த வேஸ்ட் துணியில் நல்லதாகப் பார்த்து எடுத்தேன். தடித்த பனியன் துணி, சாம்பல் நிறம். நாலாக மடித்து அயர்ன் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். இரும்பு பெஞ்சு என்றால் சுடும். கூட்டிக்கொண்டு கிளம்பும் வரைக்குமாவது அடியில் போட்டுக்கொள்வாள்.

சென்னையில் இறங்கி, பஸ் மாறி மாறிக் கேட்டு, அந்தக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தேன். கட்டிடம் முழுக்கக் கண்ணாடி. கேட்டுக்கு உள்ளே தொட்டிச்செடியாக வைத்திருந்தார்கள். பையிலிருந்து துணியைக் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்சைத் தேடினேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், செக்யூரிட்டி ரூமுக்குப் பின்னால். எங்கேயும் இல்லை.

"இன்னா பெரியவரே, இன்னா தேடுற?" என்றார் செக்யூரிட்டி.

"வேலைக்கு வந்த பிள்ளைகளை எங்கய்யா உக்கார வச்சிருக்கீக?"

"அல்லாம் மேலதான் உக்காந்துகினு இருக்குது. எங்க உக்காரும்?"

போன் போட்டேன். தரணி கழுத்தில் அட்டையோடு ஓடி வந்தாள். இளைத்திருந்தாள்.

"என்னங்கப்பா? ஊட்டுல என்ன ஆச்சு? ஏன் சொல்லாம வந்தீங்க?"

"பெஞ்சு எங்க தாயி?"

அவளுக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"இது எதுக்குங்கப்பா?"

"இரும்பு சுடுமேன்னு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சின்ன வயதில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கள் கேட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவள்தானே. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து ரோட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப் போனாள்.

"அது பேருதானுங்கப்பா பெஞ்சு. மேல நாலாவது மாடி. நல்ல சேரு, ஏசி, எல்லாம் இருக்குது. வேலை குடுக்கற வரைக்கும் அப்படிச் சொல்றது. சம்பளமும் நெசமாத்தான் வருது."

"அப்பறம் என்ன தாயி?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"காலையில வந்து உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாமப் போற நாள் இருக்குதுங்கப்பா. எல்லாரும் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. மத்தியானம் தனியாத்தான் சாப்பிடறேன். அனிதா மேடம்னு ஒருத்தங்க டீமுக்கு ஆள் வேணுமாம். போய்க் கேக்கணும். தினமும் எந்திரிச்சு அவங்க கண்ணாடி ரூம் வரைக்கும் போறேன். அங்க போயி, தண்ணி புடிக்க வந்தவளாட்ட பாட்டிலை ரொப்பிக்கிட்டுத் திரும்பி வந்தர்றேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறேன் தெரியுமுங்களா?"

இதுதான் நேரம். ‘வந்துரு தாயி. ஆபீசுல சொல்லி வச்சிருக்கேன்’ என்று சொன்னால் போதும். வந்துவிடுவாள். அவள் முகத்தில் அது எழுதியிருந்தது. சொல்வதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன். வாய் வரைக்கும் வந்தது.

"அந்தக் கண்ணாடிக்காரத் தம்பி இதுக்கு ஏதும் சொல்லலீங்களாப்பா?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

சொல்லியிருந்தான். அந்த வீடியோவை நான் ரெண்டு தடவை பார்த்திருந்தேன். அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"புதுசா வந்தவுக, வேலை குடுங்கன்னு நேராப் போய்க் கேக்கணுமாம்" என்றேன். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிட்டு, சின்ன வேலையா இருந்தாலும் தாங்கன்னு கேக்கணுமாம். அவுக ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டாகளாம்."

"எனக்கும் தெரியுமுங்கப்பா."

"தெரியும் தாயி."

ஆபீஸ் பேச்சை எடுக்கவே இல்லை. டீக்கு நான் காசு கொடுக்கப் போனேன், விடவில்லை, அவள்தான் கொடுத்தாள். கிளம்பும்போது அந்தத் துணியை வாங்கிக்கொண்டாள். "மேல ஏசி நடுக்குதுங்கப்பா. மடியில போட்டுக்கறேன்." ரோட்டைத் தாண்டிக் கேட்டுக்குள் போனவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு மூடியதும் அதில் ரோடும் பஸ்ஸும்தான் தெரிந்தன.

திரும்பி வந்தபோது என் டேபிளில் வேறு ஆள் நின்றான். வடக்கத்திப் பையன், கை வேகம். விஜயகுமாரி மேடம், "பாப்பா வருலீங்களா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "சரி, கொஞ்ச நாளைக்கு வெளிய உக்காருங்க. அடுத்த ஆர்டருக்குக் கூப்பிடறேன்" என்றார். முன்பே சொன்னவர்தான். பாண்டித்துரை தலையைக் குனிந்துகொண்டு ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப அயர்ன் போட்டான்.

பெஞ்சுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் தரணியிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, வேலை நாள், மத்தியானம்.

"அப்பா, கெடச்சிருச்சுங்கப்பா! அனிதா மேடம் டீம்ல. நேத்துலேர்ந்து. போய்க் கேட்டேன், நீ ஏன் முன்னாடியே வரலைங்கறாங்க!"

"நல்லது தாயி. நல்லது."

"இனி ஞாயித்துக்கெழமை பேச முடியுமான்னு தெரியலீங்கப்பா. கொஞ்ச நாளைக்கு வேலை இருக்கும்."

"வேலையப் பாரு."

"எங்கீங்கப்பா இருக்கீங்க? மெஷின் சத்தத்தையே காணோம்?"

"பெஞ்சுல இருக்கேன்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அய்யோ அப்பா, இன்னும் அதை விடலீங்களா நீங்க!" பக்கத்தில் யாரோ என்னவென்று கேட்டார்கள். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் அவர்களுக்குச் சொன்னாள். எனக்கு ‘அப்பா’ என்பதும் ‘பெஞ்ச்’ என்பதும் மட்டும் விளங்கின. அங்கே நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். தட்டுச் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"வச்சர்றேனுங்கப்பா, கூப்பிடறாங்க."

"சரி தாயி."

வெயில் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. வேலை கேட்டு வந்த ஒரு பெண்பிள்ளை பெஞ்சின் அந்தக் கோடியில் உட்காரப் போய், சுட்டதும் எழுந்து நின்றுவிட்டது. நான் நகர்ந்து, உட்கார்ந்து சூடு ஆறியிருந்த இடத்தை விட்டுக் கொடுத்தேன்.