அடுப்பங்கரை இங்கிலீஷ்

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் வாயில் ஏறாது, கையில்தான் ஏறும். இதைக் கண்டுபிடித்த புண்ணியவதி நான்தான்.

இருவருக்கும் ஒரே தையல் ஆலையில் வேலை. அவர் துணி வெட்டும் பிரிவில். நான் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பவள். சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் பேசத் தெரிந்த சூப்பர்வைசர் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் நான் விண்ணப்பம் எழுதிவிட்டேன். ஆம்பளை இருக்கும்போது இவள் எதற்கு முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்கிறாள் என்று மாமியார் முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் மட்டும் தணிவாகத்தான் கேட்டார்.

"இந்த ஒரு தடவை எனக்கு விட்டுக்குடு. அடுத்த எடம் வந்தா உனக்குத்தான். நானே முன்ன நின்னு வாங்கித் தரேன்."

விட்டுக்கொடுத்தேன். அதோடு சும்மா இருந்தேனா? சொல்லியும் கொடுத்தேன்.

அந்த வெளிநாட்டுக்காரர்கள் வாயைத் திறந்தால் 'டேக்'தான். பொறுப்பேற்றால் டேக் சார்ஜ், அவசரப்படாதே என்றால் டேக் யுவர் டைம், இன்னொருவர் வேலையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டால் டேக் ஓவர். எடுப்பது என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு உலகத்தையே ஓட்டுகிறார்கள். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன், மண்டையில் நிற்கவில்லை. கடைசியில் ஒவ்வொன்றையும் ஒரு சமையலறை வேலையோடு முடிச்சுப் போட்டுவிட்டேன். என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினால் டேக் ஓவர். பால் பொங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றால் டேக் யுவர் டைம். குமிழைத் திருகி அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் டேக் ஏ பிரேக், கொஞ்சம் ஓய்வெடு. மனிதர் கப்பென்று பிடித்துக்கொண்டார். என்ன, கையசைக்காமல் ஒரு வார்த்தை வராது.

வேலை கிடைத்தது. வீட்டில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். வெட்கங்கெட்டவள், நானும்தான் ஆடினேன்.

மழைக்காலம் முடிவதற்குள் பக்கத்துப் பிரிவிலும் அதே பதவி காலியானது. மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். என்னைத்தான் நினைத்திருப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். பிறகு ஒப்புக்கு என் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டார். முன்னால் நின்று வாங்கித் தருகிறேன் என்றவர் பக்கத்திலேயே நிற்கிறாரே.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அம்மாவுக்கு முடியவில்லை, வீட்டில் ஆள் வேண்டும், இவளும் பாவம் ஓடி ஓடிக் களைத்துவிட்டாள் என்றார். அன்று காலையில்கூட என்னோடு மல்லுக்கட்டிய மாமியாருக்கு முடியவில்லையாம். பிறகு என் பக்கம் திரும்பி, மேனேஜர் காதில் விழும்படி, "டேக் ஏ பிரேக்" என்றார். சொல்லும்போதே அவருடைய வலது கை காற்றில் குமிழைத் திருகி அடுப்பை அணைத்தது.

"எனக்கு ஓய்வு வேணாம் சார். அந்த வேலைதான் வேணும்."

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் பேசி முடிவு பண்ணிவிட்டு வாங்க என்று என் வீட்டுக்காரரிடம்தான் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது, இங்கிலீஷ் நன்றாக வருகிறதே, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றும் விசாரித்தார்.

"தானா வந்தது சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

வீட்டில் யாரும் பேசவில்லை; முடிவு மட்டும் ஆகிவிட்டது. அந்தப் பதவி நாற்காலியில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார். நான் அடுப்பை அணைக்கும்போதெல்லாம் என் வயிறு பற்றி எரிகிறது. அவர் கை அன்று திருகியது என்னைப் பார்த்துப் படித்த திருகல்.