இரண்டு நாள் முன்பின்

ஏழுக்குச் சரியும் நாலுக்குப் பிழையும் போட்டாயிற்று. பன்னிரண்டாவதுக்கு என்ன போடுவதென்று தெரியாமல் இரத்தினவேலர் அரை மணி நேரமாகப் பேனையைப் பிடித்தபடி இருந்தார். "பெப்ரவரி 11, ஞாயிறு. முப்பது சென்ரிமீற்றர் பனி. வெளியே போகாதீர்கள்." போன நவம்பரில் அவரே எழுதியது.

மனிதர் வானிலை படித்தவரல்ல. பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ற் பல்கனியில் அடிமட்டம் ஊன்றி, எட்டு மாரிக் குளிர்காலங்களாகப் பனி அளந்து கொப்பியில் குறித்து வைத்திருந்தார். அதைக் கூட்டிக் கழித்து, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாரிக்குப் பனி கொட்டும் நாட்கள் பன்னிரண்டைக் கண்டுபிடித்து, தமிழ்க் கடைகளில் சும்மா கிடைக்கும் வாரப்பத்திரிகையில் வெளியிட்டார். வானொலிக்காரன் நாளைக்குச் சொல்வதையே நம்பாத சனம், இவர் மூன்று மாதம் முன்கூட்டிச் சொன்னதை வெட்டியெடுத்துக் கோயில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தது. பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு அச்சில் வந்த தேதி என்றால் தனி மரியாதை. அந்த மரியாதை மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது, அதை ஏன் மறைப்பான்?

இப்போது ஏப்ரல். சொன்னதில் எவ்வளவு பலித்தது என்று அவரையே எழுதித் தரச் சொல்லியிருந்தார் பத்திரிகை ஆசிரியர் வாகீசன்.

பெப்ரவரி பத்தாம் தேதி, சனிக்கிழமை, மிசிசாகாவிலிருந்து தமையன் நவரட்ணம் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு இருதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"தம்பி, நாளைக்கு ஒருக்கா வந்திட்டுப் போவன்."

"நாளைக்கு முப்பது சென்ரிமீற்றர் கொட்டும் அண்ணை. ரோட்டில அம்பிட்டிடுவன். புதன்கிழமை எனக்கு லீவு, விடிய வாறன்."

"ஓமோம், நீதானே எழுதினனீ," என்று தமையன் சிரித்தார்.

அன்று பின்னேரம் தொலைக்காட்சியில் ஞாயிறு வெயில் என்றார்கள். இவங்களுக்கு என்ன தெரியும் என்று இரத்தினவேலர் அதை நிறுத்திவிட்டார். ஞாயிறு பளிச்சென்று வெயில் எறித்தது. மத்தியானம் கொட்டும், பின்னேரம் கொட்டும் என்று பல்கனிக் கதவடியில் நின்றே பகல் போயிற்று. அப்போதாவது காரை எடுத்திருக்கலாம். எடுத்தால் தன் கணக்குப் பிழை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடுமே! திங்கள் விடிய அண்ணி ஜெயமலர் அழுதபடி அழைத்தார். காய்ந்து கிடந்த நெடுஞ்சாலையில் ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார் இரத்தினவேலர். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமைதான் கொட்டியது, முப்பத்தொரு சென்ரிமீற்றர். துக்கம் விசாரிக்க வெளிக்கிட்ட சனம் பாதி வழியில் திரும்பிப் போனது.

கணிப்பின் அடியில் சின்ன எழுத்தில் அவரே ஒரு விதியும் போட்டிருந்தார். இரண்டு நாள் முன்பின் ஆனாலும் சரியென்றே கொள்ளப்படும். அந்த விதிப்படி ஞாயிறு சரி. ஆனால் சரி போடக் கை வரவில்லை. அண்ணனைப் பார்க்கவிடாமல் தடுத்த நாளுக்கு எந்த வாயால் சரி சொல்வது? பிழை என்று அழுத்தி எழுதினார். ஊருக்கே தெரியட்டும் என்று நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. கடைக்குப் போய்ப் பத்திரிகைக்குத் தொலைநகல் அனுப்பினார்.

அவர் வீடு திரும்பியதும் வாகீசன் தொலைபேசியில் எடுத்தார். "அண்ணை, பதினோராம் தேதிக்குப் பிழை போட்டிருக்கிறியள். செவ்வாய் கொட்டினதுதானே? உங்கட விதிப்படி அது சரி."

"இல்லை வாகீசன், அது பிழை. பிழையெண்டே போடும்."

"என்னண்ணை நீங்கள்? விதியையும் நாங்கள்தானே அச்சடிச்சனாங்கள். ஏழைவிட எட்டு நல்லாயும் இருக்கும். நான் திருத்திவிடுறன்."

"அண்டைக்கு நான்..."

"மற்ற லைன் அடிக்குது, வைக்கிறன் அண்ணை."

இரத்தினவேலர் திரும்ப மூன்று தரம் அழைத்தார். மூன்று தரமும் பதில் சொல்லும் மெஷின்தான் கதைத்தது.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. பன்னிரண்டில் எட்டு என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. மத்தியானம் அண்ணி அழைத்தார்.

"தம்பி, பேப்பர் பார்த்தனான். அந்த ஞாயிறும் சரியெண்டு போட்டிருக்கு."

"அண்ணி, அது வந்து..." அண்ணியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அவர் வாயெடுத்தார்.

"அண்டைக்கு முழுநாளும் உங்கட அண்ணர் யன்னலடியில கதிரையைப் போடச் சொல்லி இருந்தவர். படுங்கோ எண்டால் கேட்டாத்தானே! 'தம்பி எழுதினது பிழைக்காது, பொறு, இப்ப கொட்டும்' எண்டார். எனக்கெண்டால் விசர். வெளியில வெயில் எறிக்குது, இவர் ஸ்னோவைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். பொழுதுபட்டும் எழும்பேல்லை." அண்ணி மூக்கைச் சீறும் சத்தம் கேட்டது. "இப்ப பேப்பர்காரரே சரியெண்டு போட்டிட்டினம். வெட்டி அவற்ற படத்துக்குக் கீழ ஒட்டியிருக்கிறன். மனிசன் சொன்னது சரிதானே தம்பி?"

இரத்தினவேலர் முன்னால் கிடந்த பத்திரிகையை மடித்து வைத்தார்.

"ஓம் அண்ணி," என்றார். "சரிதான்."