எஸ்கிலின் தோள்

பேக்கரி முதலாளியம்மா, தன்னிடம் வேலை பார்க்கும் மெரேத்தேயின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு விரல்களில் பிளாஸ்திரி, மணிக்கட்டில் கட்டு.

"மறுபடியும் அந்தக் கிளியா? இந்தக் கையால ரொட்டி எடுத்துக் குடுத்தா யாரு வாங்குவா? ஆறுற வரைக்கும் பின்னாடி போய் கேக் பெட்டி மடி."

எஸ்பியர்க் நகரத்தில் பாதிப் பேருக்கு முகம் தெரிந்த பேக்கரிக்காரி மெரேத்தே. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு அட்டை மடித்தாள். மடிக்க மடிக்கக் கோபம் ஏறியது.

விகோ என்ற அந்தப் பச்சைக் கிளி, அவளுடைய கணவன் எஸ்கிலோடு வந்தது. கப்பல் வேலையை விட்டு அவளை மணந்துகொண்டு அவள் வீட்டுக்குக் குடிவந்தபோது, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கூண்டுமாக வந்தான். அன்றிலிருந்து சொந்தக் கூடத்தில் அவளால் நிம்மதியாக நடக்க முடியவில்லை. சோபாவில் எஸ்கில் பக்கத்தில் உட்காரப் போனால் கிளியின் கழுத்து சிலிர்க்கும், கண்மணி சுருங்கி விரியும், அடுத்த நொடி அவள் மேல் பாயும். தலையணையைக் கேடயமாகப் பிடித்தபடிதான் காப்பி குடித்தாள். அதட்டிப் பார்த்தாள், தண்ணீர் தெளித்தாள், கூண்டைப் போர்வையால் மூடினாள். எதுவும் பலிக்கவில்லை.

கடியைவிட அவளை எரிச்சலூட்டியது எஸ்கில்தான். ஒவ்வொரு முறையும் ஓடிவந்து, "டேய், என்னடா இது" என்று கொஞ்சும் குரலில் கேட்டுக் கிளியைத் தூக்கித் தோளில் வைத்து முதுகைத் தடவுவான். "உன்மேல அதுக்குப் பொறாமை. நான் என்ன பண்ணட்டும்?" என்பான். அந்தக் குரலில் ஒரு பெருமை இருக்கும்.

அன்று சாயங்காலம் கிளி அவள் காதைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் சோல்வையிடம் நேரம் கேட்டு வாங்கினாள்.

"கடிச்சதும் என்ன நடக்கும்?" என்று, இருவரும் போனபோது சோல்வை கேட்டாள்.

"நான் தூக்கித் தோள்ல வச்சுப்பேன். அடங்கிடும்," என்றான் எஸ்கில்.

"கடிச்சா தோள் கிடைக்கும்னு நீங்களே பழக்கிட்டீங்க. முதுகைத் தடவுறதால உங்களைத் தன்னோட ஜோடின்னு நெனைக்குது. இனிமே தோள் கிடையாது. அது இவங்க மேல பாய வந்தா, ஒரு வார்த்தை பேசாம ரூமை விட்டு வெளிய போயிடுங்க. வால்நட் பருப்பை இவங்க மட்டும்தான் குடுக்கணும்."

எஸ்கில் தலையாட்டினான். அந்த வாரம் முடிவதற்குள் வேலையிலிருந்து திரும்பிய மெரேத்தே ஜன்னல் வழியே பார்த்தாள். கிளி அவன் தோளில் இருந்தது. அவன் தாடியெல்லாம் வால்நட் தூள்.

உள்ளே போனவள் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. "கூண்டுல விட்டுட்டு வா," என்றாள். வந்தான்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. அது என்னைக் கடிக்கும்போது உனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்கா?"

எஸ்கில் தாடியிலிருந்த தூளைத் தட்டினான். "கொஞ்சம்," என்றான். "கரைக்கு வந்த பிறகு என்னை யாரும் இப்படித் தேடல."

"நான் தேடலயா?"

"தேடுற. ஆனா எனக்காக நீ யாரையும் கடிக்க மாட்டியே."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"கிளியை எங்கயும் அனுப்ப வேணாம். நீ போ. ரீபெ ஊர்ல உங்க அக்கா வீட்டுல இரு. நான் கூப்பிடறப்ப வா."

அவன் நிஜமாகவே போனான். விகோ வாசலைப் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. மெரேத்தே கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் பேப்பர் படித்தாள். கம்பி இடுக்கில் வைத்த வால்நட்டை அது எடுத்து அவள் மேலேயே எறிந்தது. "பட்டினி கிட சனியனே," என்று திட்டிவிட்டு மறுபடியும் வைத்தாள். இந்த வீட்டில் விட்டுக்கொடுப்பது எப்போதும் நான்தானா என்று நினைத்து நினைத்து ஆத்திரப்பட்டாள். ஒரு மத்தியானம் அது பருப்பை வாங்கித் தின்றது. தின்றுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டது. பாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் விரலைக் கடிக்கவில்லை.

எஸ்கிலைக் கூப்பிட்டாள். அவன் கூடத்தில் கால் வைத்ததும் விகோ ஆனந்தமாக அலறியது. அவன் பின்னால் நின்ற மெரேத்தேயைப் பார்த்ததும் கழுத்து சிலிர்த்தது. எஸ்கில் கை தானாகவே பாதி தூரம் நீண்டு நின்றது. பிறகு ஒன்றும் பேசாமல் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கிளி கதவையே பார்த்தது. மெரேத்தே பருப்பை நீட்டினாள். வெடுக்கென்று விரலைக் கவ்வியது, விட்டது, பருப்பை எடுத்துக்கொண்டது. ரத்தம் வரவில்லை.

"கடிச்சுதா?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"கடிச்சுது. உள்ள வராத."

"சரி," என்றான். அங்கேயே நின்றான்.