அம்மா சொல்லாத ஆமென்

அப்பா மூன்றாவது முறையாக ஜெபத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை.

"ஆமென்" என்றாள் இளையவள், அம்மாவுக்கும் சேர்த்து.

"நீ சொன்னது கேட்டுச்சு. அவ சொல்லணும்."

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனால் அம்மாவுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. சற்றுமுன் முதுகுக்குத் தலையணை கேட்டாள். தண்ணீர் போதும் என்றாள். ஆமென் மட்டும் வரவில்லை.

அப்பா சபையில் மூப்பர். அவர் வீட்டில் ஆண்கள் இருக்கும்போது பெண்கள் வாய்விட்டு ஜெபிக்கக் கூடாது. முக்காடு போட்டு, கண்ணை மூடி, கடைசியில் ஆமென் சொல்லவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அம்மா தட்டாமல் சொல்லிவந்தாள். பால் பொங்கி வழிந்தாலும் ஆமென் சொன்ன பிறகுதான் அடுப்படிக்கு ஓடுவாள். அப்பாவின் ஜெபமோ லேசில் முடியாது. அந்த வீட்டில் வீணான பாலுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"போற நேரத்துல விசுவாசம் விட்டுப்போச்சா இவளுக்கு? ஆண்டவர் முன்னாடி எப்படி நிப்பா?"

கோபம் மாதிரிதான் இருந்தது. அவர் பயந்துபோயிருக்கிறார் என்று இளையவளுக்குத் தெரிந்தது.

"நீங்க என்ன ஜெபம் பண்றீங்கன்னு நீங்களே கொஞ்சம் கேட்டுப் பாருங்கப்பா."

"அதுல என்ன குறை?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்பா மறுபடி ஆரம்பித்தார். "நீர் எங்களுக்குத் தந்த ஒரே மகளுக்காக ஸ்தோத்திரம்..."

அந்த இடத்தில் அம்மாவின் விரல்கள் இளையவளின் கையை இறுக்கின.

அக்கா சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டு போன மறுநாள், காலை ஜெபத்தில் இரண்டு மகள்கள் ஒரே மகள் ஆனார்கள். அன்றும் அம்மா ஆமென் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய், சமையலுக்குத் தேவையே இல்லாத வெங்காயத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளையவளும்தான் சொன்னாள். அக்காவுக்குப் போன் பண்ணக் கூடாது என்று அப்பா சொன்னபோது தலையாட்டினாள். இன்று காலையில் அம்மா "பெரியவள ஒரு தடவ பாக்கணும்" என்றபோதுகூட, "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேம்மா" என்றுதான் வாயில் வந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெபத்தில் அம்மாவுக்கென்று இருந்தது அந்த ஒரு சொல். இப்போது அதைத் தரமாட்டேன் என்கிறாள்.

மூச்சு விட்டுவிட்டு வந்தது. அப்பா ஒரே மகளைத் தாண்டி சபையார், வியாதிக்காரர், பிரயாணம் செய்பவர் என்று போய்க்கொண்டிருந்தார்.

"ரெண்டு மகள்" என்றாள் இளையவள்.

அப்பா நிறுத்தினார். கண்ணைத் திறக்கவில்லை. "ஜெபத்துக்கு நடுவுல பேசாத."

"பேசலப்பா. ஜெபம் பண்றேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, அம்மாவுக்கு நீர் ரெண்டு மகள் தந்தீர். அக்காவுக்காகவும் ஸ்தோத்திரம். அவளக் கூப்பிடாம இருந்துட்டேன். மன்னியும்." அதற்குமேல் எப்படிக் கொண்டுபோவதென்று தெரியவில்லை. பழக்கமில்லை.

அம்மாவின் உதடு அசைந்தது. அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

நெடுநேரம் கழித்து அப்பா கேட்டார். "ஏதோ சொன்னாளே. ஆமென்னா?"

"ஆமாம்பா."

"என் ஜெபத்துக்குத்தான?"

தலையாட்டியிருக்கலாம். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்ற பேராவது மிஞ்சியிருக்கும்.

"இல்லப்பா. நான் பண்ணதுக்கு."

அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இருந்தும் அவள் வெளியே போகாமல், அவர் எதிரிலேயே நின்று அக்காவுக்குப் போன் பண்ணினாள்.

மறுநாள் வீட்டில் அடக்க ஆராதனையின் பாட்டு முடிந்தும் அக்கா வந்துசேரவில்லை. பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். புதிதாக வந்திருந்த போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டிக்காரர் சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் பாத்தாச்சுங்களா? மூடிடலாமா?"

கூட்டம் மூப்பரைப் பார்த்தது. இளையவளுக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"மக வரணும்" என்றார் அப்பா.

போதகர் குழப்பத்தோடு இளையவள் பக்கம் திரும்பினார். "மக இங்கதான நிக்கிறாங்க, ஐயா."

"இன்னொருத்தி."

பெட்டிக்காரர் மூடியைச் சுவரில் சாய்த்துவைத்தார். உள்ளங்கையில் இருந்த ஆணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசல்படியில் போய் உட்கார்ந்தார்.