ஐயாவு வீட்டு டிக்கெட் கவுண்டர்

ஐயாவு மறந்த எதுவும் அந்த வீட்டில் தங்கவில்லை. முதலில் போனது குளியலறைக் கதவு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது எந்தப் பக்கம் என்று யோசித்து நின்றார். யோசித்து முடிப்பதற்குள் அந்த இடத்தில் வெள்ளையடித்த வெறும் சுவர் இருந்தது. அவர் மனைவி பொன்னம்மா ஒன்பது நாள் பக்கத்து வீட்டில் குளித்தாள். அடுத்து சோற்றுக் கரண்டி போனது, பிறகு வாசலில் மூன்று படி, பிறகு கடல் தாண்டி மெயின்லேண்டில் இருக்கும் மகன் பிரேமின் கல்யாணப் போட்டோவிலிருந்து பிரேம் மட்டும். தீவில் அவர்கள் குடியிருந்த ஜங்லிகாட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசானால் இப்படித்தான் என்றார்கள். அந்த மாதம் குழாயில் தண்ணீர் வராததுதான் பெரிய பேச்சு.

டாக்டர் மறதி நோய் என்று பெயர் சொல்லி, முழுசாகக் குணமாகாது என்றும் சொல்லி, மாத்திரை எழுதி, திவ்யாவை அனுப்பிவைத்தார். திவ்யா தொழில்வழி சிகிச்சையாளர். கைக்குப் பழகிய வேலைகளை வைத்தே ஆளை நடமாட வைப்பது அவள் தொழில். கதவு இருந்த சுவரில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, வாளிப் படம் ஒட்டினாள். சாயங்காலத்துக்குள் கீல் முளைத்தது, மறுநாள் தாழ்ப்பாளும் வந்துவிட்டது. பிசியோதெரபிக்காரர் வாசலில் கம்பி நட்டு அவரை ஏறி இறங்கப் பழக்கிய பிறகு மூன்று படியில் இரண்டு திரும்பின. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷெர்லின், ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான், அதுவும் சின்னதாக, என்று வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஊர் கேட்டால்தானே. வந்தவர் போனவரெல்லாம் "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று அவரைச் சோதித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று போயிற்று.

பொன்னம்மாவும் கேட்டாள். நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியவள் கேட்காமல் இருப்பாளா. அவர் உற்றுப் பார்த்து, "நர்ஸம்மாதானே" என்றார். அன்றே அவளுடைய இடது பாதம் காணாமல் போனது. வலி இல்லை, நடக்கவும் முடிந்தது. செருப்பு மட்டும் தனியாகப் போய்வந்தது. மாசக் கடைசியில் இடுப்பு வரை இல்லை. துவைத்தும் துடைத்தும் ஊட்டியும் அலுத்துப் போயிருந்தவளுக்கு முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் பயம் பிடித்தது. சாவது வேறு, இப்படி ஒருத்தி இந்த மனுஷனோடு இருந்தாள் என்றே இல்லாமல் போவது வேறு. அதை நினைத்துச் சமையலறையில் நின்று அழுதாள்.

திவ்யா இல்லாத பாதத்தைப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டு, ஐயா என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்தாள். முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுண்டர். தீவுவாசி என்று காட்டும் அடையாளக் கார்டை வாங்கிப் பார்த்து, ஹட்பே, கேம்பல்பே என்று மற்றத் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு இடம் எழுதிக்கொடுத்தவர். அடுத்த வாரமே ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு கட்டுப் படிவம், நீலப் பேனா, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் வந்தன. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அக்கம்பக்கத்தார் கார்டோடு வரிசையில் நின்றார்கள். ஐயாவு கை நடுங்காமல் எழுதினார். கரண்டி அன்றே திரும்பியது.

பொன்னம்மா தப்புச் செய்தது அங்கேதான். வரிசையை விட்டுவிட்டு மேஜைக்குப் பக்கவாட்டில் போய், "என் பேரையும் எழுதுங்க, நான் உங்க வீட்டுக்காரி" என்றாள். சொந்தம் சொல்லிக்கொண்டு பக்கவாட்டில் வந்தவர்களை விரட்டியே காலம் தள்ளியவர் அவர். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்ற பேச்சு வரக்கூடாதென்று அவளுக்கு ஒரு டிக்கெட்கூட எழுதியதில்லை. தலை நிமிராமல், "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. பீச்சே ஜாவ், பின்னால போய் லைன்ல வாங்க" என்றார். அன்றே அவள் கழுத்து வரை இல்லாமல் போனாள்.

"அவரு சொல்றதையே செய்யுங்கம்மா," என்றாள் திவ்யா. "பொண்டாட்டியா போகாதீங்க. பாசஞ்சரா போய் நில்லுங்க."

மறுநாள் ஏழாவது ஆளாக நின்றாள். காற்றில் நீண்ட கார்டை அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பொன்னம்மா, அறுபத்தெட்டு. "கஹாங் ஜானா? எந்தத் தீவு?" என்றார். ஹட்பே என்றாள். அவர் எழுதி ஸ்டாம்பு குத்தியதும் அவள் முழு ஆளாக நின்றாள். அந்த எழுத்து மறுநாள் காலை வரை தாங்கியது. இரண்டு வருஷம், ஞாயிறுகூட விடாமல் அவள் வரிசையில் நின்றாள். எல்லாத் தீவுக்கும் டிக்கெட் சேர்ந்தது, எங்கும் போகவில்லை.

ஒரு மழைநாளில் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியவில்லை. மனசும் ஒத்துழைக்கவில்லை. போனால் போகட்டும் என்று உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி பாதம் போவதைப் பார்த்தாள். பதினொன்றுக்கு முழங்கால் போயிற்று. பன்னிரண்டு ஆகப் போகும்போது பக்கத்து வீட்டுக் கார்த்திகா கடைசி ஆளாக இடம் கேட்பது கேட்டது.

"ஒண்ணுதான் இருக்கு, குடுக்க முடியாது," என்றார் ஐயாவு. "ஒரு அம்மா தினம் வரும். பேரு தெரியல. இன்னிக்கி லேட்டாயிருச்சு போல."

"வராட்டி?"

"வரும். பாவம், ரொம்ப நேரம் நிக்குது. வந்தா உக்காரச் சொல்லுங்க."

பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு அவர் ஸ்டாம்பு குத்தினார். பொன்னம்மா போர்வையை விலக்கினாள். இரண்டு காலும் இருந்தன. அன்றைக்குச் சாயங்காலம் வரை தூங்கினாள். மறுநாளிலிருந்து கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவர் ஒரு டிக்கெட்டைப் பெயரில்லாமல் எழுதி அவள் பக்கம் தள்ளிவைத்தார்.