உபயம்: கமருன்னிஸா

"அக்கா, உங்க பாட்டு மலேசியா ரேடியோவுல சக்கைப்போடு போடுது. போன வருசம் மட்டும் நானூத்திப் பன்னண்டு தடவை போட்டிருக்காங்க."

தஞ்சாவூர் ஸ்டூடியோவிலிருந்து டேவிட்சன் போனில் இப்படிச் சொன்னபோது அமலியின் கால் தையல் மிஷின் மிதியில் இருந்தது. கால் நிற்க மறந்துவிட்டது. யாருடைய ரவிக்கைக் கையோ கழுத்தோடு சேர்ந்து தைபட்டுப் போனது. போகட்டும், பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். நானூற்றுப் பன்னிரண்டு தடவை என்றால் சும்மாவா?

முத்துப்பேட்டையில் அமலி வாரமெல்லாம் தையல்காரி, முகூர்த்த நாளில் பாடகி. கணவன் கிளமென்ட் கீபோர்டு வாசிப்பான். நாலு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வேதாரண்யத்திலிருந்து குடவாசல் வரை கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா என்று ஒன்று விடாமல் பாடி வந்தார்கள். எல்லாம் வேறு யாரோ பாடிப் பேர் வாங்கிய பாட்டுகள். சொந்தப் பாட்டு என்று ஒன்றே ஒன்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால், 2008-இல், தாங்களே மெட்டுப் போட்டு டேவிட்சன் ஸ்டூடியோவில் சி.டி. எடுத்தது. அதுதான் இப்போது கடல் தாண்டி ஒலித்துக்கொண்டிருந்தது.

"அங்க ரேடியோவுல ஒரு பாட்டு போட்டா பாடுனவங்களுக்குப் பணம் சேரும்க்கா. அதை வாங்கிக் குடுக்கவே ஒரு அமைப்பு இருக்கு. ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. கையெழுத்துப் போட்டு முப்பதாம் தேதிக்குள்ள சேர்த்துடணும்."

"அனுப்பு டேவிட்சா, இன்னைக்கே போட்டுடுறேன்."

"போடலாம்க்கா. ஆனா ஃபார்ம் உங்க பேர்ல வரலையே."

"பின்ன யார் பேர்ல?"

"பாடியவர் கமருன்னிஸான்னு இருக்கு."

கமருன்னிஸா அமலியிடம் துணி தைக்கக் கொடுப்பவள். தொண்டையைத் திறந்தால் கோழி கூண்டுக்குள் ஓடிவிடும், அப்படிப்பட்ட குரல் அவளுக்கு.

இந்தக் கூத்துக்குக் காரணம் நம் ஊர்ப் பழக்கம்தான். இந்தப் பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும் உபயம் என்று பெயர் எழுதியாக வேண்டும். மாதா கோயில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் மூன்று பேர் பெயர். பள்ளிவாசல் கடிகாரத்தில் முள்ளைவிடப் பெரிதாகக் கொடுத்தவர் பெயர். சி.டி. எடுக்கப் பணம் போதாமல் அமலி விழித்தபோது பதினைந்தாயிரம் எடுத்துக் கொடுத்தவள் கமருன்னிஸா. பிறகு அட்டையில் அவள் பெயர் இல்லாமல் இருக்குமா? "உபயம்: கமருன்னிஸா, முத்துப்பேட்டை" என்று பொன்னெழுத்தில் பாதி அட்டைக்குப் போட்டார்கள். மீதி இடத்தில் ரோஜாப்பூ. பாடியவர் பெயர் எங்கே என்று அச்சகத்துக்காரர் கேட்டதற்கு, "கேட்டா தெரியாதா யார் குரலுன்னு" என்று கிளமென்ட் பெருமையாகச் சொல்லிவிட்டான். டேவிட்சன் பாட்டை ரேடியோக்களுக்கு அனுப்பக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அவசரத்தில் அட்டையில் இருந்த ஒரே பெயரைப் பாடியவர் கட்டத்தில் போட்டுவிட்டான்.

"அவங்க 'நான் பாடலை, அமலிதான் பாடினாங்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்க்கா, மாத்திடுவாங்க. முப்பது தாண்டிட்டா அவங்க பேர்லயே நின்னுடும்."

தேதி பதினேழு. அமலி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

கமருன்னிஸா வீட்டில் கல்யாணக் களை. வெள்ளையடித்து, வாசலில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகன் ஆஸிமுக்கு நிக்காஹ். அவள் கணவர் மீரா சாகிப் கோலாலம்பூரில் இருபது வருஷமாக மளிகைக்கடை வைத்திருப்பவர். அவர் இரண்டு நாளில் வருகிறார். கூடவே அவருடைய தம்பி குடும்பமும்.

விஷயத்தைச் சொன்னதும் கமருன்னிஸா ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் அமலிக்கு முதல் அடி.

"ஆமா, தெரியும்" என்றாள், முந்திரிப் பருப்பை உடைத்துக்கொண்டே. "ஆறு மாசமா அங்கேருந்து போன் மேல போன். பெரியம்மா, உங்களுக்குள்ள இப்படி ஒரு குரலாங்குறாங்க. கடைக்கு வர்றவங்கள்லாம் எங்க மச்சானைப் பிடிச்சுக்கிட்டு விசாரிக்கிறாங்களாம்."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"நான் எதுவும் சொல்லலை."

"இல்லைன்னும் சொல்லலையா?"

கமருன்னிஸா பருப்பைத் தட்டில் தள்ளிவைத்தாள். "இருபத்தஞ்சு வருசமா மீரா சாகிப் பொண்டாட்டி, ஆஸிம் உம்மா, இவ்வளவுதான் நான். இப்பத்தான் மொத மொதலா என் பேரைச் சொல்றாங்க. அது வாய்க்குள்ள இனிப்பா இருந்துச்சு புள்ள. துப்ப மனசு வரலை."

அந்தப் பாட்டே கமருன்னிஸாவின் வாழ்க்கையிலிருந்து எடுத்ததுதான். போன் பேசக் காசு கூடுதல் என்று மீரா சாகிப் மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு மணி அடித்து நின்றால் போய்ச் சேர்ந்துவிட்டேன். இரண்டு என்றால் சாப்பிட்டுவிட்டேன். மூன்று என்றால் இப்போது பேசப்போகிறேன், போன் பக்கத்திலேயே இரு. ரவிக்கைக்கு அளவு கொடுத்தபடி கமருன்னிஸா இதைச் சிரித்துக்கொண்டே சொன்ன நாளில்தான் அமலி மெட்டுக் கட்டினாள்.

"அக்கா, பணத்துல பாதி வேணாலும் வச்சுக்குங்க. எனக்குப் பேர் வேணும். பதினெட்டு வருசமா அடுத்தவங்க பாட்டைப் பாடிக்கிட்டுத் திரியிறேன். என்னுதுன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"உன் பணம் எனக்கெதுக்கு? எழுதித் தர்றேன், கட்டாயம் தர்றேன். ஆனா கல்யாணம் முடியட்டும்." குரலைத் தாழ்த்தினாள். "மச்சான் தம்பி மவ ரிஃப்கா வர்றா. அந்த ரேடியோவுலதான் அறிவிப்பு பண்றா. மாப்பிள்ளை, பொண்ணு பேரைச் சேர்த்து நீங்களே பாடணும் பெரியம்மா, போன்ல ரெக்கார்டு பண்ணி ரேடியோவுல போடப்போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சரின்னுட்டேன்."

"சரின்னுட்டீங்களா?"

"பொம்பளைங்க பக்கம் மேடைக்குப் பின்னாடி திரை கட்டச் சொல்லியிருக்கேன். நீ உள்ள உக்காந்து பாடு. நான் வாயை அசைக்கிறேன். அன்னைக்குச் சாயங்காலமே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

வீட்டுக்கு வந்து அமலி தட்டை நங்கென்று வைத்தாள். கிளமென்ட் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாடிட்டு வந்துடேன். நமக்கு வேண்டியது கடுதாசிதானே" என்றான். "கேட்டா தெரியாதான்னு அன்னைக்கு அச்சகத்துல சவுடால் விட்டது யாரு? ரேடியோக்காரி கண்ணு முன்னாடி அவங்க பாடினதா ஆயிட்டா, அப்பறம் கடுதாசியை எவன் நம்புவான்?" என்று அமலி கேட்டாள். ஆனால் போகாமல் இருக்கவும் முடியாதே. பதினைந்தாயிரத்தை எண்ணாமல் எடுத்துக் கொடுத்த கை அது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பிரியாணி வாசம் தெரு முனை வரை வந்தது. நிக்காஹ் முடிந்து சாப்பாட்டுப் பந்தியும் முடிந்தபின் பெண்கள் பக்கம் கலகலப்பு கூடியது. கிளமென்ட் ஆண்கள் பக்கத்தில் ஆடியோக்காரரோடு உட்கார்ந்து இசையை மட்டும் போடத் தயாராக இருந்தான். அமலி பின்வாசல் வழியாக வந்து திரைக்குள் உட்கார்ந்தாள். கையில் மைக். திரையின் இடுக்கில் கமருன்னிஸாவின் பக்கவாட்டு முகமும், அவள் கையிலிருந்த இணைப்பில்லாத மைக்கும் தெரிந்தன. முன்வரிசையில் ரிஃப்கா, கண்ணாடி போட்ட துறுதுறுப்பான பெண், போனை நீட்டிப் பிடித்திருந்தாள்.

இசை ஆரம்பித்தது. கைதட்டல் கூரையைத் தூக்கியது. கோபமோ சங்கடமோ, மைக்கைப் பிடித்துவிட்டால் அமலிக்கு வேறு உலகம்.

"ஒத்த மணி அடிச்சு நின்னா ஊரு போயி சேந்தாச்சு,
ரெட்ட மணி அடிச்சு நின்னா சோறு தின்னு முடிச்சாச்சு..."

கமருன்னிஸா நன்றாகத்தான் வாயசைத்தாள். தலையைக்கூட ஆட்டினாள். மூன்றாவது வரி வந்தது.

"மூணு மணி அடிக்கும்போது முந்தானையில் கைதொடச்சு,
பேசப் போற ஆளுக்காக நெஞ்சு வந்து நின்னாச்சு..."

அமலி இடுக்கு வழியாகப் பார்த்தாள். கமருன்னிஸாவின் உதடு அசையவில்லை. மைக் மடியில் இறங்கிவிட்டது. அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது வருஷத்தில் எண்ணிய மணிகளெல்லாம் மறுபடி காதில் விழுவதுபோல, வாய் மூடி, கண் கலங்கி, சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அமலி நிறுத்தியிருக்கலாம். மைக் போய்விட்டது, கரண்ட் போய்விட்டது என்று ஏதாவது சொல்லி அவள் மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் நிறுத்தவில்லை. இது என் பாட்டு, பாடியே தீருவேன் என்று மனசு முரண்டு பிடித்தது. இன்னும் உயர்த்தினாள். ஆஸிம் பெயரையும் மணப்பெண் பெயரையும் சேர்த்து, இதுவரை எந்தக் கல்யாணத்திலும் எடுக்காத சுருதியில் எடுத்தாள்.

கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. ரிஃப்காவின் குரல் கேட்டது. "பெரியம்மா, நீங்க வாயே திறக்கலை. பாட்டு எங்கேருந்து வருது?"

கமருன்னிஸா திடுக்கிட்டு மைக்கைத் தூக்கினாள். பிறகு, எதற்கு என்பதுபோல, அதை நாற்காலியில் வைத்தாள். எழுந்து வந்து திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். கயிறு அறுந்து துணி முழுவதும் அமலியின் தலைமேல் விழுந்தது.

துணியை விலக்கிப் பார்த்தால் எதிரில் இருநூறு பெண்கள்.

"இவதான் பாடினா. அன்னைக்கும் இவதான், இன்னைக்கும் இவதான்" என்றாள் கமருன்னிஸா. "நான் வெறும் உபயம்."

யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. கமருன்னிஸாவின் முகம் சிவந்து, அவளும் சிரித்துவிட்டாள். "நடிச்சுடலாம்னுதான் பார்த்தேன் புள்ள. உன் பாட்டைக் கேட்டா வாயசைக்க மறந்து போவுது, நான் என்ன செய்ய" என்று அமலியின் தோளில் அடித்தாள்.

"நிறுத்தியிருக்கணும்க்கா. நான்தான் நிறுத்தலை."

"நிறுத்தியிருந்தா உன்னைக் கொன்னுருப்பேன்."

ஆண்கள் பக்கத்திலிருந்து மீரா சாகிப் ஆள் அனுப்பினார். மூன்று மணியின் அர்த்தத்தை அமலிக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று ரிஃப்காவிடம் சொல்லச் சொன்னாராம். "என் பொண்டாட்டி கமருன்னிஸா" என்று பெயரைச் சொல்லியே சொல்லச் சொன்னாராம். அதைக் கேட்டதும் கமருன்னிஸா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கடிதத்தை அங்கேயே, மொய் எழுதிய மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். தபாலில் போனால் முப்பதுக்குள் சேராது. டேவிட்சன் அனுப்பியிருந்த ஃபார்மையும் கடிதத்தையும் ரிஃப்கா கைப்பையில் வைத்துக்கொண்டாள். இருபத்தெட்டாம் தேதி விமானம்.

இருபத்தொன்பதாம் தேதி காலையிலிருந்து அமலிக்கு ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை. கமருன்னிஸா வேறு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள். தைக்கக் கொடுக்க எதுவும் இல்லை, சும்மாதான் வந்தேன் என்றாள். பத்தரைக்குப் போன் அடித்தது, மலேசியா நம்பர். அமலி பாய்ந்து எடுக்கப்போனாள்.

"எடுக்காதே, எண்ணு" என்று கமருன்னிஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணி அடித்து நின்றது.

"கடுதாசி போய்ச் சேர்ந்துடுச்சு" என்றாள் கமருன்னிஸா. கிளமென்ட் கீபோர்டைத் தள்ளிவிட்டு ஓடி வந்தான். அமலி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கால் மணி நேரம் கழித்து மறுபடி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பேசப் போறாங்க. பக்கத்துலயே இரு" என்றாள் கமருன்னிஸா. இந்த ஒரு வேலையில் அவளுக்கு இருபது வருஷ அனுபவம்.

அழைப்பு வந்தது. அமலி எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். ரிஃப்கா போனை ரேடியோ பெட்டியருகே பிடித்திருக்க வேண்டும். பாட்டின் கடைசி வரி தேய்ந்து முடிந்தது. ஓர் ஆண் குரல் சொன்னது:

"நீங்கள் கேட்ட பாடலைப் பாடியவர், முத்துப்பேட்டை அமலி."

மிஷின்மேல் கைகளை ஊன்றிக்கொண்டு அமலி அப்படியே நின்றாள். கமருன்னிஸா போனை நோக்கி இன்னும் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"உபயம் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள்.