உள்ளே ஓடும் பெல்ட்

ஆயில் மாற்றத்தான் அவள் காரைக் கொண்டுபோயிருந்தாள். மெக்கானிக் ஓடிய தூரத்தைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி கேட்டார்.

"டைமிங் பெல்ட் எப்ப மாத்துனீங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. அவள் பிசியோதெரபிஸ்ட். நடக்க முடியாதவர்களை வீடு வீடாகப் போய் நடக்க வைப்பவள். அந்த அலைச்சலுக்காக அக்கா வீட்டுக்காரரிடமிருந்து கார் வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அத்தான் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். தினமும் காலையில் துடைத்து, பிள்ளை மாதிரி வைத்திருந்த வண்டி.

"அது என்ன பண்ணும்?"

"இன்ஜினுக்குள்ள மேல ஓடுறதையும் கீழ ஓடுறதையும் ஒரே தாளத்துல வெச்சிருக்கிற ரப்பர் பெல்ட். லட்சம் கிலோமீட்டர், இல்ல ஏழெட்டு வருஷம், எது முதல்ல வருதோ அப்ப மாத்திடணும். வண்டிக்கு வண்டி கணக்கு மாறும். உங்களுது ரெண்டையும் தாண்டிருச்சு."

"தேஞ்சிருந்தா சத்தம் வருமில்ல?"

"பெரும்பாலும் வராது. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், அறுந்தா ஓடுற வண்டி அப்படியே நின்னுடும். வால்வெல்லாம் பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிடும். அப்புறம் இன்ஜினையே இறக்கணும், வண்டி விலையில பாதி போயிடும்."

"இப்ப மாத்துனா?"

"பெல்ட் விலை பெருசில்ல. அதுகிட்ட போறதுக்குள்ள பாதி இன்ஜினைப் பிரிக்கணும், கூலிதான் ஜாஸ்தி. பிரிக்கிறப்பவே வாட்டர் பம்பையும் மாத்திடுறது நல்லது. எல்லாம் சேர்த்து நாலு புது டயர் போடுற செலவுன்னு வெச்சுக்கோங்க."

அவள் அங்கேயே நின்று அத்தானுக்குப் போன் செய்தாள்.

"பெல்ட்டா? அதெல்லாம் மாத்தியாச்சும்மா. நானே கூட நின்னு மாத்துனேன்" என்றார் அவர்.

மெக்கானிக் தோளைக் குலுக்கினார். "மாத்தியிருந்தா சரி. பில் இருந்தா ஒரு தடவை பார்த்துடுங்க."

பில்லைக் கேட்கப்போய்த்தான் வம்பாயிற்று. போனை எடுத்தது அக்கா.

"ஏன்டி, அவர் என்ன கார் வியாபாரியா? அடிமாட்டு விலைக்குக் கொடுத்ததுக்கு இதுவும் கேட்ப, இன்னமும் கேட்ப."

அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. நம்பவும் முடியவில்லை. கார் ஓட்டும்போது பாட்டுப் போடுவதை நிறுத்தினாள். ஜன்னலை இறக்கிவிட்டு, காதை இன்ஜினிலேயே வைத்திருந்தாள். சத்தம் வராது என்று சொல்லியிருந்தார்கள்; அப்படியும் வராத சத்தத்துக்காகக் காத்திருந்தாள். மேம்பாலம் வந்தால் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனாள். பக்கவாதம் வந்த ஒரு பெரியவரின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தவள், மடக்கிய நிலையிலேயே அப்படியே பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள்.

"காலைத் திருப்பிக் குடும்மா, வீட்டுக்குக் கொண்டுபோயிடாதே" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகள் கைக்குழந்தையோடு ஊர் திரும்பினாள். விமான நிலையத்திலிருந்து அழைத்துவர வேண்டும். அக்காவால் தங்கையிடம் கோபமாக இருக்கவும் முடியவில்லை, கார் வேறு வேண்டியிருந்தது. அத்தான் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் அக்கா, மடியில் பேரனுக்கு ஒரு மூட்டைத் துணி.

நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒரு லாரி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த நிமிடம் இன்ஜின் நின்றால், அந்த லாரி நிற்குமா? இடப்பக்கம் ஒதுங்கினாள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அடுத்து ஒரு பஸ் வந்து ஒட்டியது. பெட்ரோல் பங்க் ஒன்று கண்ணில் பட்டதும் உள்ளே திருப்பி, ஓரமாக நிறுத்தி, சாவியை உருவினாள்.

"பெட்ரோல் இருக்கே?" என்றார் அத்தான்.

"இதுக்கு மேல என்னால ஓட்ட முடியாது அத்தான். எந்த பெல்ட்டை மாத்துனீங்க? கையால தொட்டுக் காட்டுங்க."

"ஆரம்பிச்சுட்டா" என்றாள் அக்கா. "அங்க கைக்குழந்தையோட நிக்கப்போறாடி அவ!"

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. இறங்கினார். பானெட்டைத் திறந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, விரலை நீட்டினார்.

"இதோ. இதுதான். என் கண்ணு முன்னாடி மாத்துனான். போதுமா?"

விரல் தொட்டது வெளியே தெரிகிற பெல்ட்டை. மெக்கானிக் அன்றைக்கு அவளுக்கு இரண்டையும் காட்டியிருந்தார்.

"அத்தான், அது ஏசிக்கும் பேட்டரி சார்ஜ் ஆகுறதுக்கும் ஓடுற பெல்ட்டு. நான் கேட்டது இந்தக் கறுப்பு மூடிக்கு உள்ள இருக்கிறது."

அவர் மூடியைப் பார்த்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதன் மேலிருக்கும் தூசியைத் துடைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"உள்ள ஒண்ணு இருக்கா?" என்றார்.

அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷமா..." என்று தொடங்கியவள், முடிக்காமல் டாக்ஸி பிடிக்கப் போனாள். விமான நிலையத்துக்கு அவள் மட்டும் போனாள்.

வண்டியை ஏற்றிப்போக லாரி வரும்வரை அத்தான் உட்காரவே இல்லை. பங்க்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒருமுறை அவளருகே வந்து நின்றார்.

"உன்னை ஏமாத்தணும்னு நினைக்கலம்மா."

"தெரியும் அத்தான். நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் ஒரு நாளும் நினைக்கல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. பொய்னா சண்டை போட்டு முடிச்சிருப்பேன்."

மறுநாள் வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பழைய பெல்ட்டைக் கழற்றி வளைத்துக் காட்டினார். முதுகெல்லாம் வெடிப்பு. உள்பக்கத்தில் ஓரிடத்தில் பற்கள் பாதிக்கு மேல் கரைந்திருந்தன.

"எத்தனை நாள் தாங்கியிருக்கும்?" என்று அத்தான் கேட்டார்.

"அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஒரு வருஷம் ஓடியிருக்கலாம். ஊர் எல்லையைத் தாண்டாமலும் இருந்திருக்கலாம்."

அத்தான் பெல்ட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். இந்த வண்டியில்தான் மகளைப் பிரசவ வலியோடு மழையில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். பிறகு வெளியே போய்விட்டார்.

வேலை முடிய மாலையாகிவிட்டது. பாதிச் செலவை அத்தான் கொடுத்தார். அவள் மறுக்கவில்லை, மறுத்தால் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும். அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருகினாள். இன்ஜின் முன்பு எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடியது. ஆனால் இத்தனை நாள் இறுகியிருந்த அவள் தோள்பட்டை தளர்ந்தது. நெடுஞ்சாலையில் ஏறி, வேகம் கூட்டினாள்.

அத்தான் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் மெதுவாப் போம்மா."

"புது பெல்ட்டு அத்தான்."

"தெரியும்" என்றார் அவர். பிறகு இன்ஜின் பக்கம் காதைச் சாய்த்தார். "இந்தச் சத்தம் முன்னாடியே இருந்துச்சா?"